பஸ் கட்டண அட்டையில் காசு போடவும் வழி வேண்டும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வங்கி அட்டையைக் கொண்டு பஸ் கட்டணம் செலுத்தும் முறை 2025 நவம்பரில் கொழும்புக்கு அருகிலுள்ள மாகும்புர பல்வகைப் போக்குவரத்து நிலையத்தில் தொடக்கி வைக்கப்பட்டதிலிருந்து, "இது எங்கட பக்கம் எப்ப வரும்?" என்று களுவாஞ்சிகுடிச் சந்தையிலும் பஸ் தரிப்பிடத்திலும் பலர் பேசிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். எப்போது வரும் என்பதைவிட, எந்த வடிவத்தில் வரும் என்பதே எனக்குப் பெரிய விடயமாகப் படுகிறது. வங்கி அட்டை வைத்திருப்பவருக்கு மட்டும் பயன்படும் முறையாக அது கிழக்குக்கு வந்து சேருமானால், மட்டக்களப்புக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடையில் நாள்தோறும் பஸ் ஏறி இறங்கும் எத்தனையோ பேருக்கு அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை. கையிலுள்ள காசைக் கொடுத்து நிரப்பி, முடிந்ததும் மீண்டும் நிரப்பிக்கொள்ளக்கூடிய பயண அட்டையொன்றும் அதனுடன் சேர்ந்து வர வேண்டும் என்று கேட்பதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் அரசாங்க அலுவலகமொன்றில் இருபத்தெட்டு வருடங்கள் சிறாப்பராக, அதாவது காசாளராக, இருந்து ஓய்வுபெற்றவன். பின்னேரம் பெட்டியிலுள்ள காசும் புத்தகத்திலுள்ள கணக்கும் ஒரு ரூபாவும் பிசகாமல் ஒத்துவராவிட்டால் வீட்டுக்குப் போக முடியாத உத்தியோகம் அது. அந்தப் பழக்கத்தினாலோ என்னவோ, பஸ்ஸில் மிச்சக் காசு விடயத்தில் நான் சற்றுக் கடுமையானவன். என் மனைவி அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறா. குறைந்தபட்சக் கட்டணம் 27 ரூபாவாக இருந்த காலத்தில், முப்பது ரூபா கொடுத்தவருக்கு மூன்று ரூபா திரும்பி வந்ததை நான் கண்டது மிக அருமை. நடத்துநரைக் குறைசொல்லியும் பயனில்லை. அவருடைய பையில் ஒரு ரூபாக் குற்றி இருந்தால்தானே எடுத்துக் கொடுப்பார்?

மாதத்தில் ஒரு நாள் கிளினிக்குக்காக மட்டக்களப்பு போகிறேன். அப்படிப் போன ஒரு காலையில் என்னிடம் ஐந்நூறு ரூபாத் தாள்தான் இருந்தது. நடத்துநர் சீட்டைத் தந்துவிட்டு, உடனே அதைத் திருப்பி வாங்கி, காதில் செருகியிருந்த பேனையால் அதன் முதுகில் மிச்சத் தொகையை எழுதி, கீழே ஒரு சுழிப்பும் போட்டு என் கையில் தந்தார். ஆரையம்பதியிலும் காத்தான்குடியிலும் சனம் ஏறி நெருக்கியடித்ததில் அவர் முன் வாசலுக்குப் போய்விட்டார். நான் பின் வாசலால் இறங்கினேன். வைத்தியசாலைக்குள் போய் கிளினிக் கொப்பியை நீட்டியபோதுதான், அதற்குள் மடித்து வைத்திருந்த அந்தச் சீட்டு கீழே விழுந்தது. அது இப்போதும் என்னிடம் இருக்கிறது. இருபத்தெட்டு வருடம் பிறருடைய காசுக்குக் கணக்குக் காட்டிய எனக்கு, என் காசுக்குக் கிடைத்த பற்றுச்சீட்டு அதுதான்.

இந்தத் தொல்லைக்கு வங்கி அட்டையும் ஒரு மருந்துதான் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் வங்கிக் கணக்கு இருப்பதும் வங்கி அட்டை இருப்பதும் ஒன்றல்ல. அரசாங்கத்தின் அஸ்வெசும நிவாரணக் கொடுப்பனவு வங்கிக் கணக்குக்குத்தான் போகிறது; எனினும் மாதத்தில் ஒரு நாள் புத்தகத்தைக் கொண்டுபோய் வரிசையில் நின்று, வந்த காசு முழுவதையும் ஒரேயடியாக எடுத்துக்கொண்டு வீடு திரும்பும் தாய்மாரைக் கேட்டுப் பாருங்கள், அவர்களில் எத்தனை பேரிடம் தொட்டுச் செலுத்தும் அட்டை இருக்கிறதென்று. பாடசாலைப் பிள்ளைகளிடம் அது இருக்காது. அட்டை உள்ளவர்களுக்கும் ஒரு தயக்கம் உண்டு. சிறு தொகைகளுக்கு இரகசிய இலக்கம் கேட்காமலே தொட்டவுடன் காசு கழிந்துவிடும் அட்டை அது. ஓய்வூதியம் முழுவதும் கிடக்கும் கணக்கின் அட்டையை, கால் வைக்க இடமில்லாத காலை நேர பஸ்ஸில் எடுத்துக் கையில் பிடிக்க எனக்கு மனம் வருவதில்லை. ஐந்நூறு ரூபா நிரப்பிய பயண அட்டை தொலைந்தால் போவது ஐந்நூறு ரூபா. அன்றிரவு நித்திரை வரும்.

2024ஆம் ஆண்டில் லண்டனில் இருக்கும் மூத்த மகளிடம் போய் மூன்று மாதம் நின்று வந்தேன். அங்கே பஸ்ஸில் காசு வாங்குவதை 2014 ஜூலையோடு நிறுத்திவிட்டார்கள். போன மறுநாள் காலையில் மகள் மேசை லாச்சியிலிருந்து நீல நிற அட்டையொன்றை எடுத்துத் தந்து, "இதத் தொட்டாக் காணும், அப்பா" என்றாள். 2003இல் அறிமுகமான ஒயிஸ்டர் அட்டை அது. புதிதாக வாங்குவதானால் அப்போது 7 பவுண் கொடுக்க வேண்டும், அந்தக் காசு திரும்பக் கிடைக்காது. மகளிடம் பழைய அட்டை கிடந்தபடியால் தப்பித்தேன். பஸ்ஸில் ஏறியதும் சாரதிக்குப் பக்கத்தில் மஞ்சள் வட்டமொன்று இருக்கும். அதில் அட்டையை வைத்தவுடன் ஒரு சத்தம், ஒரு பச்சை வெளிச்சம், 1.75 பவுண் கழிந்துவிடும். சாரதி நிமிர்ந்தும் பார்ப்பதில்லை. முதல் நாள் சத்தம் காதில் விழவில்லையென்று நினைத்து நான் இரண்டாம் தரமும் வைத்தேன். கருவி அதை ஏற்காமல் வேறு விதமாகக் கத்தியது, பின்னால் நின்ற பள்ளிப் பிள்ளைகள் சிரித்தார்கள்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது அந்தப் பச்சை வெளிச்சமல்ல. அட்டையில் காசு முடிந்த அன்று, மகள் வேலைக்குப் போயிருந்தாள். எனக்கு அங்கே வங்கிக் கணக்கும் இல்லை, திறன்பேசியில் எதையும் இறக்கி வைத்திருக்கவும் இல்லை. சந்தியில் ஒரு சிறிய கடை; பால், பத்திரிகை, வாழைப்பழம், கறிவேப்பிலை எல்லாம் அங்கே வாங்கலாம். கடைக்காரர் எங்கள் ஆள், வாழைச்சேனைப் பக்கம். "தம்பி, இதுக்குப் பத்துப் பவுண் போட்டுத் தாங்க" என்றேன். அவர் தாளை வாங்கி லாச்சிக்குள் போட்டு, அட்டையைச் சிறு பெட்டியொன்றின்மேல் வைத்து எடுத்து, "சரி, ஐயா" என்று தந்தார். படிவமில்லை, அடையாள அட்டை கேட்கவில்லை, பெயர்கூடக் கேட்கவில்லை. நான் பிறந்து வளர்ந்த ஊரில் இன்னும் செய்ய முடியாத ஒரு காரியத்தை, ஐயாயிரம் மைலுக்கும் அப்பாலிருக்கும் ஊரில் எங்கள் ஊர்ப் பேச்சிலேயே செய்து முடித்துக்கொண்டு வந்தேன்.

இத்தனைக்கும் 'ரீலோட்' என்ற சொல்லை மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ எவருக்கும் விளக்கத் தேவையில்லை. கைத்தொலைபேசிக்கு ஐம்பது ரூபா, நூறு ரூபா என்று போட்டுக்கொள்ளும் பழக்கம் எழுத்தறியாத மூதாட்டிக்கும் உண்டு. இலக்கத்தைக் கடைக்காரரிடம் சொல்கிறா, காசைக் கொடுக்கிறா, குறுந்தகவல் வந்த சத்தம் கேட்டதும் புறப்படுகிறா. காசு முடிந்துபோனால் கடனுக்குக்கூட ரீலோட் கிடைக்கிறது. ஹொங்கொங்கில் 1997 செப்டெம்பரிலிருந்து பாவனையிலுள்ள ஒக்டோபஸ் அட்டையும் இதே மாதிரி இரக்கமுள்ளதுதான்: மீதி போதாமற்போனாலும், அட்டை எடுக்கும்போது கட்டிய வைப்புப் பணத்தின் பலத்தில் ஒரு பயணத்தைக் கடனாக அனுமதித்து, அடுத்த முறை நிரப்பும்போது கழித்துக்கொள்கிறது. கிரான்குளத்துப் பெட்டிக்கடையிலும் நிந்தவூர்ச் சந்தியிலும் தொலைபேசி ரீலோட் போடும் அதே கையால் பஸ் அட்டைக்கும் ரீலோட் போட முடியுமானால், இந்தத் திட்டத்துக்கான விநியோக வலையமைப்பில் பெரும்பகுதி ஏற்கெனவே கட்டப்பட்டுத் தயாராக இருக்கிறது என்றே சொல்வேன். கடைக்காரருக்கு ஒரு சிறு தரகு கொடுத்தால் போதும்.

அட்டை எப்படி வேலை செய்கிறது என்பதையும் சற்றுச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் தீர்மானம் எடுப்பவர்கள் பிழைவிடக்கூடிய இடம் அங்கேதான் இருக்கிறது. இவ்வட்டைக்குள் மின்கலம் கிடையாது. வாசிக்கும் கருவியிலிருந்து எழும் மின்காந்தப் புலத்திலிருந்தே அட்டையின் சில்லு தனக்கு வேண்டிய மின்சாரத்தைப் பெற்று, ஒரு வினாடிக்கும் குறைந்த நேரத்தில் அலுவலை முடித்துவிடுகிறது. ஆனால் மீதிக் காசு எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்பதில் இரண்டு வகை உண்டு. ஒரு வகையில் மீதி அட்டைக்குள்ளேயே இருக்கிறது. அது மடியில் வைத்திருக்கும் பணப்பை மாதிரி. மற்ற வகையில் அட்டை வெறும் இலக்கம்தான், கணக்கு எங்கோ தலைமைக் காரியாலயத்துக் கணினியில் இருக்கிறது. பிந்தியது நடத்துபவருக்கு வசதி. அட்டை தொலைந்தாலும் கணக்கைத் தேடிப் பிடிக்கலாம், கட்டணத்தை மாற்றுவதும் இலகு. பயணிக்கு அது எப்போதும் வசதியாக இருப்பதில்லை.

சிங்கப்பூரில் நடந்ததைப் பாருங்கள். 2002 முதல் அங்கே மக்கள் பழகிவந்த ஈசி-லிங்க் அட்டையின் பழைய வகையை 2024 ஜூன் முதல் நிறுத்தி, வயதுவந்த பயணிகளைக் கணக்கை மையக் கணினியில் வைத்திருக்கும் சிம்பிளிகோ என்ற முறைக்கு மாற்றப்போவதாக அந்த ஆண்டு ஜனவரி மாதம் அறிவித்தார்கள். புதிய முறையில், வாயிலில் அட்டையைத் தொடும்போது கழிந்த தொகையும் மீதியும் திரையில் தெரியாது. தொலைபேசிச் செயலியில்தான் பார்க்க வேண்டும். மக்கள் கொதித்தெழுந்தார்கள். இரண்டு வாரம் செல்வதற்குள் அரசாங்கம் தீர்மானத்தைத் திரும்பப் பெற்று, பழைய முறையைத் தொடர்ந்து நடத்துவதற்காக மேலும் 4 கோடி சிங்கப்பூர் டொலரை ஒதுக்க வேண்டியதாயிற்று. கணினியும் செயலியும் கைவந்த கலையாக இருக்கும் ஒரு நாட்டு மக்களே, "என் காசு எவ்வளவு மிச்சம் இருக்கிறதென்று என் கண்ணுக்குத் தெரிய வேண்டும்" என்று பிடிவாதமாக நின்றார்கள். சிறாப்பராக இருந்தவன் என்ற முறையில் அவர்களோடு நான் முழுமையாக உடன்படுகிறேன்.

எங்களுக்கு இன்னுமொரு காரணமும் இருக்கிறது. கடலோரப் பக்கமான எழுவான்கரையில் பிரதான வீதியோரம் தொலைபேசிச் சமிக்ஞைக்குக் குறைவில்லை. மட்டக்களப்பு வாவியைத் தாண்டி மேற்கேயுள்ள படுவான்கரையின் உட்புறத்துக்குப் போனால் அது வந்து வந்து போகும். ஒவ்வொரு பயணியின் அட்டையையும் கொழும்பிலிருக்கும் கணினியிடம் கேட்டுத்தான் ஏற்க வேண்டுமென்றால், வயல் நடுவில் நடத்துநர் கருவியை ஆகாயத்தை நோக்கித் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டி வரும். மீதி அட்டைக்குள்ளேயே இருந்தால், கருவி அதைக் கழித்து, கணக்கைத் தன்னிடம் சேமித்து, இரவு டிப்போவுக்கோ பஸ் உரிமையாளரின் வீட்டுக்கோ வந்தபின் ஒரேயடியாக அனுப்பினாலும் கணக்குப் பிழைக்காது.

அட்டை வருவதால் மிச்சக் காசுத் தொல்லை தீரும் என்பதோடு பலரும் நின்றுவிடுகிறார்கள். அதைவிடப் பெரிய இலாபம் பஸ் மாறுகிறவர்களுக்கு உண்டு. வெல்லாவெளியிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் ஒருவர் பட்டிருப்புப் பாலத்தால் வந்து களுவாஞ்சிகுடியில் இறங்கி, கல்முனைப் பக்கமிருந்து வரும் பஸ்ஸைப் பிடிக்கிறார். திருக்கோவிலிலிருந்து அம்பாறைக் கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) போகிறவர் அக்கரைப்பற்றில் மாறுகிறார். இரண்டு பஸ், இரண்டு சீட்டு. நேரடி பஸ் இருந்தால் கொடுத்திருக்கக்கூடிய கட்டணத்தைவிட அவர் கூடுதலாகக் கொடுக்கிறார், அதுவும் தன் ஊருக்கு நேரடி பஸ் இல்லாத குற்றத்துக்காக. காகிதச் சீட்டில் இதற்குப் பரிகாரம் காண்பது கடினம், ஏனென்றால் இரண்டாவது பஸ்ஸின் நடத்துநருக்கு முதலாவது பயணத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. அட்டைக்குத் தெரியும். லண்டனில் 2016 முதல், முதல் பஸ்ஸில் தொட்ட நேரத்திலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் மாறி ஏறும் பஸ்ஸுக்குக் கட்டணம் கழிவதில்லை. ஒரு நாளில் எத்தனை பஸ் ஏறினாலும் ஒரு எல்லைக்கு மேல் கழிவதுமில்லை. நான் நின்ற காலத்தில் பஸ்ஸுக்கு அந்த நாள் எல்லை 5.25 பவுண், அதாவது மூன்று பயணத்துக்கான காசு. நாலாவது பயணத்திலிருந்து ஊர் சுற்றுவது இலவசம். மகள் வேலைக்குப் போன பிறகு நான் எதற்காக அவ்வளவு பஸ் ஏறினேன் என்று இங்கே எழுதத் தேவையில்லை.

எங்கள் நாட்டில் கட்டணம் தூரத்தைப் பொறுத்தது என்பதால் லண்டன் பஸ்ஸின் ஒரே கட்டண முறை அப்படியே பொருந்தாது என்று ஒருவர் சொல்லக்கூடும். உண்மைதான். தூரத்துக்குக் கட்டணம் அறவிடும் சிங்கப்பூரில் பயணி ஏறும்போதும் தொடுகிறார், பஸ்ஸிலிருந்து இறங்கும்போதும் தொடுகிறார். எங்கள் பஸ்களில் இறங்கும் வாசலில் நடக்கும் தள்ளுமுள்ளை அறிந்தவர் எவரும் அதை இங்கே பரிந்துரைக்க மாட்டார். மறதி வேறு இருக்கிறது. லண்டனில் ரயிலுக்கு இறங்கும் நிலையத்திலும் தொட வேண்டும்; தொடாவிட்டால் ஆகக்கூடிய கட்டணம் கழியும். தடுப்பு வாயில் இல்லாத நிலையமொன்றில் இறங்கி மருமகனோடு கதைத்தபடியே வெளியே வந்து நானும் ஒரு நாள் அதற்குக் காசு கட்டியிருக்கிறேன், பிழை என்னுடையதே. இங்கே நடத்துநர் இருக்கிறார், அவர் இருப்பதே எங்களுக்குள்ள வசதி. அவருடைய கையிலுள்ள சீட்டு இயந்திரமே அட்டையையும் வாசிக்கக்கூடியதாக இருந்தால், "எங்க இறக்கம்?" என்று கேட்டு, இடத்தை அமுக்கி, அட்டையைத் தொட வைத்தால் காரியம் முடிந்தது. கழிந்த தொகையும் மீதியும் அச்சான சீட்டில் வந்துவிடும். அந்தச் சீட்டில் இடப்பெயர்கள் தமிழிலும் அச்சாக வேண்டும் என்பதைத் தனியாகக் கேட்க வேண்டியிருப்பதே வருத்தந்தான்.

ஆகவே அட்டை வந்தால் நடத்துநருக்கு வேலை போய்விடும் என்ற அச்சத்துக்கு இடமிருக்கக்கூடாது. பஸ் உரிமையாளர்களின் தயக்கமோ வேறு வகையானது, அதை அலட்சியப்படுத்திவிட்டு எந்தத் திட்டமும் கரைசேராது. தனியார் பஸ்ஸில் சாரதியினதும் நடத்துநரினதும் சம்பளம், டீசல், ரயர், லீசிங் காசு எல்லாம் அன்றன்றைய சேகரிப்பிலிருந்துதான் போகின்றன. பயணி இன்று தொட்ட காசு பத்து நாள் கழித்துத்தான் உரிமையாளரின் கணக்குக்கு வருமென்றால், அவர் அட்டைக் கருவியை ஆசனத்துக்குக் கீழே போட்டுவிட்டு "மெசின் வேலை செய்யல்ல" என்றுதான் சொல்வார். நான் அவருடைய இடத்தில் இருந்தாலும் அப்படித்தான் சொல்வேன். இன்றைய சேகரிப்பு நாளைக் காலை ஒன்பது மணிக்கு முன் அவருக்குக் கிடைக்க வேண்டும், கழிக்கப்படும் தரகும் மிகச் சிறியதாக இருக்க வேண்டும். வெளிநாடுகளில் எனக்குத் தெரிந்தவரை அட்டையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பயணியின் வசதியைத்தான் பேசுகிறார்கள். இந்தப் பின்னேரக் கணக்கைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. பெட்டியைப் பூட்டிச் சாவியைக் கையளித்துப் பழகியவனுக்கு அதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

இலங்கைப் போக்குவரத்துச் சபைக்கு ஒரு அட்டை, தனியாருக்கு வேறு அட்டை, ரயிலுக்கு இன்னொன்று என்று வந்துவிடவும் கூடாது. ஜப்பானில் ஒவ்வொரு பிராந்தியத்துக்கும் தனித்தனி அட்டை இருந்தது. தோக்கியோவின் சுயிகா 2001இல் வந்தது. அவற்றில் முக்கியமான பத்து அட்டைகளை 2013 மார்ச்சில் ஒன்றையொன்று ஏற்கும்படி செய்தார்கள், ஒரு பயணி ஓர் ஊரில் வாங்கிய அட்டையை நாட்டின் மறு கோடியிலும் பாவிக்கலாம் என்ற நிலை வந்தது. பன்னிரண்டு வருடம் எடுத்துச் செய்த அந்தத் திருத்தத்தை நாங்கள் முதல் நாளிலேயே செய்துகொள்ளலாம், ஏனென்றால் எங்களிடம் கழற்றி மாட்டுவதற்கு நாடெங்கும் வேரூன்றிய பழைய அட்டை எதுவும் இல்லை. மட்டக்களப்புக்கு ரயில் வந்தது 1928இல். இன்றைக்கும் ஏறாவூருக்கோ வாழைச்சேனைக்கோ போக, சாளரத்தில் குனிந்து காசை நீட்டி, திகதி குத்திய தடித்த மட்டைச் சீட்டை வாங்குகிறோம். அந்த மட்டைச் சீட்டில் எனக்குத் தனி அன்பு உண்டு என்பதை ஒளிக்கவில்லை. பேரப்பிள்ளைக்காக இரண்டு மூன்றை எடுத்தும் வைத்திருக்கிறேன். ஆனால் மகரகமவுக்குச் சிகிச்சைக்காகப் போகும் ஒரு நோயாளி, ஊரிலிருந்து மட்டக்களப்புக்கு ஒரு பஸ், அங்கிருந்து உதயதேவி ரயில், கொழும்பு கோட்டையிலிருந்து இன்னொரு பஸ் என்று மூன்று இடத்தில் காசை எண்ண வேண்டியிருக்கிறது. அவருக்கும் துணைக்குப் போகிறவருக்கும் ஒரே அட்டை போதுமாக இருந்தால் அது எவ்வளவு பெரிய உதவி!

வெளியூரிலிருந்து வருபவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அறுகம்பைக்கும் பாசிக்குடாவுக்கும் வரும் சுற்றுலாப் பயணிகளில் முதுகுப் பையோடு பஸ் ஏறுகிறவர்கள் பலர். அயல் நாடொன்றின் நகரத்தில் மனைவியின் வைத்தியத்துக்காக நின்றபோது, அங்கே பயண அட்டை எடுக்கப் போன எங்களிடம் அந்நாட்டுத் தொலைபேசி இலக்கம் கேட்டார்கள். அது எங்களிடம் இருக்கவில்லை, நின்ற பதினெட்டு நாளும் ஒவ்வொரு தடவையும் வரிசையில் நின்றே சீட்டு எடுத்தோம். அந்த அனுபவத்தை எங்கள் ஊருக்கு வருகிறவருக்கு நாங்கள் கொடுக்க வேண்டியதில்லை. பெயரும் இலக்கமும் கேட்காத சாதாரண அட்டை ஒன்று, விரும்பியவர் பதிவுசெய்து தொலைந்தால் மீட்டுக்கொள்ளக்கூடிய அட்டை ஒன்று என இரண்டு வகை இருந்தால் போதும். மாணவர்களின் பருவச்சீட்டை இரண்டாவது வகையில் ஏற்றிவிடலாம்.

அட்டையின் விலை விடயத்தில் டுபாயிலுள்ள நோல் அட்டையைச் சொல்லலாம். வளைகுடாவில் வேலை செய்துவிட்டு வந்த எங்கள் பிள்ளைகள் பலர் அதை அறிவார்கள். அங்கே மெட்ரோ தொடங்கிய 2009இலேயே அந்த அட்டையும் வந்தது. அதன் வெள்ளி வகைக்கு 25 திர்ஹாம் கொடுத்தால் அதில் 19 திர்ஹாம் பயணத்துக்கான காசாகவே உள்ளே இருக்கும். வாங்கியவருக்கு அட்டைக்குக் காசு கொடுத்த வலி தெரியாது. இங்கே முந்நூறு ரூபாவுக்கு வெறும் பிளாஸ்ரிக்கை விற்கப் புறப்பட்டால், முதல் வாரத்தோடு திட்டம் படுத்துவிடும். அத்தோடு, இரண்டு வருடம் பாவிக்காவிட்டால் மீதி காலாவதியாகும் என்ற மாதிரி நிபந்தனைகளைச் சிறிய எழுத்தில் எழுதி வைக்கவும் கூடாது. லண்டனிலிருந்து புறப்படும்போது என் அட்டையில் மூன்று பவுண் சொச்சம் மிச்சம் இருந்தது. "அது அப்பிடியே கிடக்கும், அடுத்த முறை வரக்க பாவிக்கலாம்" என்று மகள் திரும்ப லாச்சிக்குள் வைத்தாள்.

பரீட்சார்த்தமாகத் தொடங்குவதானால், கொழும்பு செல்லும் சொகுசு பஸ்களில் தொடங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அவற்றில் ஏறுகிறவர்கள் ஆசனத்தை முன்கூட்டியே பதிந்து, தொலைபேசியிலேயே காசு கட்டத் தெரிந்தவர்கள். மட்டக்களப்பு – கல்முனை – அக்கரைப்பற்று வீதியில், காலை ஆறரைக்கும் எட்டரைக்கும் இடையில் ஓடும் சாதாரண பஸ்களில் தொடங்குங்கள். சபையின் பஸ்ஸும் தனியார் பஸ்ஸும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு ஓடும், தமிழரும் முஸ்லிம்களும் ஒரே ஆசனத்தில் நெருங்கியிருந்து போகும், மாணவர், ஆசிரியர், மீன்காரர், கிளினிக் நோயாளி எல்லோரும் ஏறும் வீதி அது. அங்கே ஒரு மாதம் தாக்குப்பிடிக்கும் கருவி நாட்டின் எந்த மூலையிலும் தாக்குப்பிடிக்கும். பரீட்சார்த்தக் காலத்தில் கடைகளிலே ரீலோட் போடுவதற்கு ஐம்பது ரூபாவைக் குறைந்த தொகையாக வையுங்கள். ஆயிரம் என்று வைத்தால், அன்றாடக் கூலிக்குப் போகிறவர் அந்தப் பக்கமே திரும்பிப் பார்க்கமாட்டார். சம்பந்தப்பட்ட அதிகாரிகள் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பயணிகளையும் பஸ் உரிமையாளர்களையும் நடத்துநர்களையும் ஒரே மண்டபத்தில் கூட்டி, கருவியை மேசையில் வைத்துக் காட்டி, அவர்கள் சொல்வதைக் கேட்ட பின்னர் கேள்விப்பத்திரம் (டெண்டர்) கோருவது நல்லது. அப்படியொரு கூட்டம் நடக்குமானால், முதுகில் பேனையால் எழுதிய அந்தச் சீட்டையும் எடுத்துக்கொண்டு நானும் வருவேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற சிறாப்பர் ஒருவர்,
களுவாஞ்சிகுடி.